துவக்கை மறந்து வந்த வீடு

எனக்குக் குறி பார்த்துச் சுட வரும். இதை டென்மார்க்கில், ரண்டர்ஸ் நகரில் இருக்கும் எங்கள் தமிழ் ஆட்களிடம் நான் சொன்னதில்லை. விவாகரத்து வாங்கிய பெண்ணின் கையில் துவக்கும் இருக்கிறது என்று தெரிந்தால் மிச்சக் கதையை அவர்களே எழுதிவிடுவார்கள். (ஏற்கெனவே பாதி எழுதியாகிவிட்டது.)

வீடு வீடாகப் போய் முதியவர்களைப் பராமரிப்பது என் வேலை. ஒருமுறை வேலையிடத்துக் கோடை விருந்தில் விளையாட்டுக்காக ஒரு எயார் ரைபிளும் ஐந்து தகரப் பேணிகளும் வைத்திருந்தார்கள். ஐந்தையும் விழுத்தினேன். கூட வேலை செய்பவர்கள் கைதட்டினார்கள். அந்த வருடம்தான் கணவர் அல்பர்ட்ஸ்லுண்டில் தனியாகக் குடியேறியிருந்தார். மகள் அபிராமி கோபன்ஹேகனுக்குப் படிக்கப் போயிருந்தாள். வருடம் முழுக்க எனக்குக் கிடைத்த ஒரே நல்ல காரியம் அந்தக் கைதட்டல்தான். அடுத்த வாரமே போய் ஒரு எயார் ரைபிள் வாங்கினேன். நாற்பத்தெட்டு வயதில் மற்றப் பெண்கள் தாலிக்கொடியில் பவுண் கூட்டுவார்கள்.

வாங்கிய பிறகுதான் சுடுவதற்கு இடமில்லை என்பது உறைத்தது. நான் இருப்பது மூன்றாம் மாடியில். சுடும் கிளப் மாலையில் மட்டும் திறக்கும், எனக்கோ மாலை வேலை. "சொந்தக் காணி வைத்திருக்கும் யாரிடமாவது அனுமதி கேளுங்கள்," என்றார் கடைக்காரர். மகளுக்குப் போன் எடுத்துச் சொன்னேன். அவள் டெனிஷில் சிரித்தாள். (சிரிப்பிலும் மொழி உண்டு. இங்கே பிள்ளை பெற்று வளர்த்துப் பாருங்கள்.)

"அம்மா, ஆரிட்டைக் கேக்கப்போறீங்கள்? உங்களுக்குத்தான் ஒருத்தரையும் தெரியாதே," என்றாள்.

அவள் கேலி செய்யவில்லை, உள்ளதைத்தான் சொன்னாள். முப்பது வருடத்தில் எத்தனையோ டெனிஷ் வீடுகளின் கதவுத் திறப்புகள் என் கையில் வந்து போயிருக்கின்றன. யாருக்கு எந்த முழங்கால் வலிக்கும் என்பது தெரியும். ஆனால் வேலைச் சட்டை இல்லாமல் போய் இருக்கக்கூடிய வீடு ஒன்றுகூட எனக்கு இல்லை.

ஆகவே சனிக்கிழமைகளில் காரை எடுத்துக்கொண்டு பண்ணை வீடுகளுக்குப் போகத் தொடங்கினேன். வெறுங்கையோடு போவதா? ஆட்டிறைச்சி ரோல்ஸ் பொரித்துத் தட்டில் அடுக்கினேன். போனதும் போகாததுமாக வந்த காரியத்தைச் சொல்வது மரியாதையா? முதலில் மழை, பிறகு வீட்டுக்காரரின் சுகம், பிறகு மாடுகளின் சுகம் என்று ஒழுங்காக விசாரித்தேன். முதல் வீட்டுக்காரர் நான் மாடுகளுக்கு வருமுன்பே, மதம் பரப்ப வந்தவள் என்று நினைத்து, "நாங்கள் ஏற்கெனவே ஒரு சேர்ச்சிலை இருக்கிறம்," என்று கதவைச் சாத்தினார். இரண்டாவது வீட்டு அம்மா எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொல்லி, இரண்டு ரோல்ஸ் எடுத்துக்கொண்டு, நன்றி சொல்லி அனுப்பிவைத்தார். வீட்டுக்கு வந்து சப்பாத்துக் கழற்றும்போதுதான் நான் காணியைப் பற்றிக் கேட்கவேயில்லை என்பது ஞாபகம் வந்தது.

மூன்றாவது சனிக்கிழமை ஒரு பெரிய பண்ணை வீட்டின் முற்றத்தில் பத்துப் பன்னிரண்டு கார்கள் நின்றன. கொடிக்கம்பத்தின் உச்சியில் டெனிஷ் கொடி பறந்தது. இந்த நாட்டில் பிறந்தநாளுக்குக் கொடி ஏற்றுவார்கள். சந்தோஷமாக இருப்பவர்களிடம் கேட்டால் காரியம் நடக்கும் என்று எனக்குள் இருந்த அறிவாளி சொன்னாள். துவக்கைக் காரில் தனியே விட்டுப்போக வேண்டாம் என்று கடைக்காரர் சொல்லியிருந்ததால் அதன் நீளப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, தட்டோடு போய் மணியை அடித்தேன்.

கறுப்புக் கோட்டுப் போட்ட, எழுபது வயது மதிக்கத்தக்க, நெடிய மனிதர் ஒருவர் கதவைத் திறந்தார். தட்டை அவர் கையில் வைத்து, பல்லெல்லாம் தெரிய, "வாழ்த்துகள்!" என்று டெனிஷில் உரத்துச் சொன்னேன். உள்ளே இருந்த முப்பது பேரும் கதையை நிறுத்தினார்கள்.

"எதுக்கு?" என்றார் அவர்.

"கொடி..." என்றேன்.

"என்ரை மனுசி இங்காவை இப்பதான் அடக்கம் செய்திட்டு வாறம்," என்றார். (அவர் பேசியது டெனிஷ்தான். என் காதில் கெட்ட செய்தி எல்லாம் யாழ்ப்பாணத் தமிழில்தான் இறங்கும்.)

செத்தவீட்டில் கொடியை அரைக்கம்பத்தில் விடுவார்கள், அது எனக்குத் தெரியும். அடக்கம் முடிந்ததும் அதை உச்சிக்கு ஏற்றிவிடுவார்கள் என்பதை முப்பது வருடத்தில் ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. பூமி பிளந்து என்னை விழுங்கும் என்று பார்த்தேன், விழுங்கவில்லை.

"நீங்கள் இங்காவைப் பாக்க வந்த பராமரிப்பாளரோ?" என்று கேட்டார். நான் எங்கள் பாணியில் தலையை ஆட்டினேன். அது ஓமா இல்லையா என்பது எனக்கே தெரியாது. அவர் ஓம் என்று எடுத்துக்கொண்டு, "உள்ளுக்கை வாங்கோ," என்றார்.

அதன் பிறகு என் மூளை வேலை செய்யவில்லை, வளர்ப்புத்தான் வேலை செய்தது. செத்தவீட்டுக்குப் போன பெண் கதிரையில் சும்மா இருக்கலாமா? துவக்குப் பையை வாசலில் தொங்கிய கோட்டுகளுக்கு நடுவே சாத்திவிட்டு நேரே குசினிக்குப் போனேன். கோப்பி குடித்த கோப்பைகளை எல்லாம் கழுவினேன். கோப்பை கழுவும் மெஷின் பக்கத்திலேயே இருந்தது. அதைக் காட்ட வந்த பெண்ணையும் விலக்கிவிட்டுக் கழுவினேன். அதற்குள் என் ரோல்ஸ் மேசைக்குப் போய்விட்டது. பாதிரியார் ஒன்றைக் கடித்தார். பச்சைமிளகாய் அகப்பட்டுக் கண்ணீர் ஓடியது. சேர்ச்சில் கலங்காத மனிதர் இப்போது கலங்குகிறார் என்று நினைத்து இரண்டு பெண்கள் கூடச் சேர்ந்து அழுதார்கள்.

உண்மையைச் சொன்னால், அந்தக் குசினியை விட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. முதுகுக்குப் பின்னால் ஆட்கள் கதைக்கும் சத்தத்தைக் கேட்டபடி நான் கோப்பை கழுவிப் பல மாதமாகியிருந்தது.

கடைசிக் கோப்பையைத் துடைத்து வைத்துவிட்டு ஒருவரிடமும் சொல்லாமல் வெளியேறினேன். செத்தவீட்டில் 'போட்டு வாறன்' என்று சொல்லக் கூடாது, திரும்பிப் பார்க்கக் கூடாது, நேரே வீட்டுக்குப் போய்த் தலைமுழுக வேண்டும். மூன்றையும் குறைவில்லாமல் செய்தேன். தலையில் தண்ணீர் விழுந்த பிறகுதான், தோள் ஏன் இவ்வளவு லேசாக இருக்கிறது என்று யோசித்தேன்.

ஈரத்தலையோடு கட்டில் விளிம்பில் இருந்து அவர்கள் பக்கமாக நின்று யோசித்துப் பார்த்தேன். முன்பின் தெரியாத ஒரு பெண் வந்தாள். சாவுக்கு வாழ்த்துச் சொன்னாள். பாதிரியாரை அழவைத்தாள். முப்பது கோப்பை கழுவினாள். பிறகு ஒரு வார்த்தையும் பேசாமல் துவக்கை வைத்துவிட்டுப் போனாள். பொலிஸ் வந்தால் எதிலிருந்து தொடங்குவது? யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. போனில் இருந்த பெயர்களை மேலிருந்து கீழே தள்ளிப் பார்த்தேன். மகளுக்குப் பரீட்சை. மற்ற ஒரு பெயரையும் அழுத்த விரல் போகவில்லை. துவக்கு போனதைவிட அதுதான் எனக்கு அழுகையைத் தந்தது.

ஞாயிறு காலை போன் அடித்தது. எங்கள் கொண்டாட்டங்களில் தட்டுகள் ஆள் மாறிவிடும் என்பதால் என் தட்டுகளின் அடியில் பெயரையும் நம்பரையும் நகப்பூச்சால் எழுதிவைத்திருப்பேன். அதைப் பார்த்து எடுத்திருந்தார் அந்த மனிதர். பெயர் பௌல்.

"உங்கடை தட்டும் துவக்கும் இஞ்சை கிடக்கு. மகன் பொலிசுக்குப் போன் அடிப்பம் எண்டவன். இவ்வளவு கோப்பை கழுவின ஆள் ஒருத்தரையும் சுடமாட்டா எண்டு நான்தான் மறிச்சனான்."

போனேன். வாசலில் நின்றபடியே மழை, மாடு ஒன்றும் விசாரிக்காமல் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஒப்புக்கொண்டேன். பௌல் கடைசியில் ஒன்றுதான் கேட்டார்.

"ஏன் நேற்றுச் சொல்லாமல் போனீங்கள்?"

"எங்கடை ஆக்கள் செத்தவீட்டிலை போட்டு வாறன் எண்டு சொல்லமாட்டினம். திரும்பவும் ஒரு சாவுக்கு வாறமாதிரிப் போயிடும்."

அவர் என்னை உள்ளே கூப்பிட்டு, மேசையடியில் இருத்தி, தானும் எதிரே இருந்தார். "நேற்று எல்லாரும் திரும்ப வாறம் எண்டுதான் சொல்லிப்போட்டுப் போனவை," என்றார். "ஆனா ஒருத்தரும் நாள் சொல்லேல்லை."

அவர் எழும்பி, மாட்டுக் கொட்டிலுக்குப் பின்னால் கிரவல் அள்ளித் தோண்டிய பழைய கிடங்குக்குக் கூட்டிக்கொண்டு போனார். மூன்று பக்கமும் ஆள் உயரத்துக்கு மேல் மண்சுவர். குண்டு எங்கே போனாலும் மண்ணுக்குள்தான் போகும். "சனிக்கிழமை ரெண்டு மணி சரியோ?" என்றார். ஓம் என்றேன். இந்த முறை தலையை ஆட்டாமல் வாயால் சொன்னேன். அந்தச் சனிக்கிழமை ஒரு பேணியும் விழவில்லை. பௌல் பின்னால் கதிரை போட்டு இருந்து, விழாதவற்றை எண்ணிச் சொன்னார்.

இது நடந்து சில வருடங்கள் ஆகிவிட்டன. பௌலின் பேரப்பிள்ளைகள் சொல்லும் கதையில் இப்போது நான் துவக்கை நீட்டி, "கோப்பைகளை எடுங்கோ!" என்று மிரட்டித்தான் கழுவுகிறேன். பாதிரியார் மயங்கியே விழுந்துவிடுகிறார். நான் திருத்துவதில்லை. எங்கள் ஆட்களின் வீடுகளிலும் என்னைப் பற்றிக் கதை ஓடும், ஆனால் நான் உள்ளே போனால் நிறுத்திவிடுவார்கள். இந்த வீட்டில் நான் உள்ளே போனால்தான், எனக்குக் கதிரையை இழுத்துப் போட்டுவிட்டு, முதலிலிருந்து தொடங்குவார்கள்.