நூல் கட்டிய ஏழு கீரைகள்

எனக்கு எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்தும் கோணும், விசயமும் மறக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் இந்த ஒன்றை மட்டும் மறக்க என் மருமகன் விடுவதில்லை.

கிழக்கிலங்கை மருதமுனையில் எங்கள் வீட்டு வளவு கடலோரம். சுற்றிலும் யாரும் கீரை போடுவதில்லை. அதற்காகவே ஸியானா எங்களைத் தேடி வந்தாள். பக்கத்துத் தெருப் பிள்ளை, விவசாய ஆராய்ச்சியில் வேலை. வேறு கீரையின் மகரந்தம் வந்து கலக்காத இடம் வேண்டுமாம்.

"மாமி, கீரையில எலும்புக்கு நல்ல சுண்ணாம்புச்சத்து இரிக்கி. ஆனா அத ஒடம்புல சேரவிடாம மறிக்கிற சாமானும் அதுக்குள்ளயே இரிக்கி. அது கொறஞ்ச செடியாப் பாத்துப் பாத்து விதை எடுக்கிறன். இது மூணாவது வருசம்."

நான் தலையாட்டினேன். (வெட்கத்தில் யார் எதைச் சொன்னாலும் தலையாட்டுவேன். என் கலியாணமும் அப்படித்தான் நடந்தது.)

வளவில் பாத்தி போட்டுக் கீரை விதைத்தாள். அந்தப் பிள்ளை பட்ட பாட்டைப் பார்க்க வேண்டும். கொதிக்கிற மணலில் குந்தியிருந்து, செடிக்குச் செடி இலை கிள்ளி, பைக்குப் பை இலக்கம் எழுதிப் பரிசோதனைக்கு அனுப்பினாள். நாம் ஒரு பிடி சோற்றோடு விழுங்கிவிடுகிற கீரைக்கு இப்படியும் ஒருத்தி இருக்கிறாளே என்று வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

முடிவு வந்ததும் பாத்தி நிறைய நின்றதில் ஏழே ஏழு செடியைத் தெரிந்தெடுத்தாள். அடையாளத்துக்கு நூல் கேட்டாள். தறி நெய்கிற வீட்டில் நூலுக்கா பஞ்சம்? சிவப்பு நூல் கொடுத்தேன். தண்டின் அடியில் கட்டினாள்.

"இந்த ஏழையும் ஒருத்தரும் தொடப்படா மாமி. இதான் எல்லாத்துலயும் நல்லது. பூத்து விதைக்கு வரணும்."

"ஓம் மகள்," என்று தலையாட்டினேன்.

இங்கேதான் வினை. எங்கள் வீட்டில் விருந்தாளிக்கென்று வளர்க்கும் சேவலின் காலில் சிவப்பு நூல் கட்டுவோம். கட்டினால் வீட்டார் தொடுவதில்லை. விருந்தாளி வந்தால் அது சட்டிக்கு.

கீரையைக் கண்ணாய்க் காத்தேன். ஆட்டைத் துரத்தினேன். கிள்ளப் போன என் மகளின் கையிலும் ஒரு அடி போட்டேன்.

ரெண்டு கிழமை போயிருக்கும். ஸியானா போன் எடுத்தாள். "மாமி, எங்கட ஆபீஸ் பெரிய சேர் நாளைக்குக் கீரை பாக்க வாறார். அவர் ஓம் எண்டாத்தான் இந்த வேலை தொடரும். எல்லாம் ஒங்கட கையிலதான்."

என் கையிலா! விடிந்ததும் கத்தியைத் தீட்டி, பிஸ்மி சொல்லி, ஏழு செடியையும் வெட்டினேன். தேங்காய்ப்பூ தூவிக் கீரைச் சுண்டல் வைத்தேன்.

வந்தவர்களை முதலில் சாப்பிட வைப்பதுதானே முறை. சேர் மூன்று தரம் கீரை கேட்டு வாங்கினார். "கடையில வாங்கினதா?" என்றார்.

"இல்ல சேர், நம்மட வளவுல. ஒங்களுக்கெண்டே விட்டது," என்றேன். வாழ்க்கையில் நானாக ஒரு அந்நிய ஆணோடு கதைத்தது அன்றுதான்.

ஸியானாவின் கை சோற்றுப் பீங்கானில் அப்படியே நின்றது. எழுந்து வளவுக்கு ஓடினாள். பின்னால் சேர். அவருக்குப் பின்னால் நான். பாத்தியில் ஏழு கட்டைகள், காலில் சிவப்பு நூலோடு, அறுத்த சேவல்கள் மாதிரி நின்றன.

"என்ட அல்லாஹ்! மாமி, என்ன செஞ்சீங்க?"

"விருந்தாளி வந்தா... நூல் கட்டினதத்தானே மகள்..."

சொல்லி முடிக்க முன்பே எனக்கே விளங்கிவிட்டது. மூன்று வருடத்தை ஒரு வேளைச் சோற்றோடு போட்டுவிட்டேன். மணல் வாய் திறந்தால் உள்ளே போயிருப்பேன்.

அந்தப் பிள்ளை ஏசவில்லை. முகத்தைத் திருப்பி, முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்தாள். பிறகு கட்டைக்குப் பக்கத்தில் குந்தி, விரலால் தடவித் தடவிப் பார்த்தாள்.

"வேரோட புடுங்காம உட்டீங்களே. கணு இரிக்கி. தழைக்கும் மாமி." கொப்பியை எடுத்தாள். "அந்த மறிக்கிற சாமான் கூடினா வாய் கறகறக்கும். தின்னக்குள்ள நாக்குல, பல்லுல கறகறப்பு இருந்திச்சா?"

"இல்ல மகள். ஆக்கக்குள்ள நானும் ருசி பாத்தன். இத்தின வருசம் கீரை ஆக்கிறன், இப்படி ஒரு கீரை ஆக்கல்ல." அது மெய். அழுதுகொண்டே சொன்னேன்.

அவள் அதை எழுதிக்கொண்டாள்! சட்டியில் போனதையும் சோதனையாக்கிய கெட்டிக்காரி.

சேர் தொண்டையைச் செருமினார். "விதையில வாற செடியில சத்து எப்பிடி எண்டு இனித்தான் தெரியும். ருசி பாத்தாச்சி. வேலையத் தொடருங்க."

ஐந்து கட்டைகள் தழைத்தன. பூத்ததும் வேறு செடியின் மகரந்தம் படாமல் வலைப்பை கட்டினாள். ஒரு சிறங்கை விதை கிடைத்தது. அதன் பிள்ளைக் கீரைதான் இப்போது எங்கள் பாத்தியில் நிற்கிறது. ஸியானா நூல் கட்டுவதில்லை. பலகை நட்டிருக்கிறாள்: "விருந்தாளி வந்தாலும் வெட்டக் கூடாது." வீட்டுக்கு யார் வந்து சோற்றில் கை வைத்தாலும் மருமகன் கேட்கிறார்: "மாமி, இது நூல் கட்டினதா, கட்டாததா?"

சத்தைப் பற்றி நான் எழுதியதை ஸியானா ஒரு தரம் பார்த்துத் திருத்தட்டும். செடி ஏழுதானா என்பதையும் அவளிடமே கேளுங்கள். எட்டு என்று சொன்னால், அந்த எட்டாவதையும் நான்தான் ஆக்கியிருப்பேன்.