பத்தரை மணிக்குள் பால் பொங்க வேண்டும்

படிவத்தில் நான் எழுதியது பொய். ‘சமையல் தெரியுமா?’ என்று கேட்டிருந்த இடத்தில் ‘நன்றாகத் தெரியும்’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். அப்போது எனக்கு முப்பத்திரண்டு வயது. அதுவரை ஒரு தீக்குச்சி உரசியது கிடையாது.

உரச விட்டால்தானே! பிறந்ததிலிருந்து எனக்கு இரண்டு காலும் வராது. கை நடுங்கும். பேச்சு கொஞ்சம் இழுக்கும். (இழுத்தாலும் வாய் மட்டும் நிற்காது என்பான் அண்ணன்.) எனக்குத் தாகம் என்று எனக்கே தெரிவதற்கு முன்னால் அம்மா தண்ணீர் டம்ளரை என் வாயில் வைத்துவிடுவாள். பாசம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்தப் பாசத்துக்குள் மூச்சு முட்டி, நான் ஒரு நாளைக்கு ஒரு தடவையாவது கத்தித் தொலைப்பேன். அம்மாவுக்கு முட்டி தேய்ந்துவிட்டது. என்னைத் தூக்கும்போதெல்லாம் முனகுவாள். ‘எனக்கப்புறம் உன்ன யாரு பாப்பா?’ என்று அழுவாள். வேறு ஏற்பாடு செய்யலாம் என்றால் அதற்கும் அழுவாள்.

உத்திரமேரூரில் ஒரு வாடகை வீட்டில் என்னைப் போன்ற மூன்று பெண்கள் சேர்ந்து இருந்தார்கள். கூடவே இருந்து உதவி செய்ய, சம்பளத்துக்குச் செல்வி அக்கா என்று ஒருவர். நாலாவது கட்டில் காலி என்று கேள்விப்பட்டு நானே போன் போட்டேன். நானே படிவம் வாங்கினேன். எங்கள் வீட்டில் ஒரு மாதம் சண்டை நடந்தது. பெற்ற பெண்ணை ஆசிரமத்தில் தள்ளிவிட்டார்கள் என்று ஊர் பேசுமாம். கடைசியில் அம்மா ஒரு நிபந்தனை போட்டாள்.

“வெள்ளிக்கெழம போலாம். புது வூடுன்னா பால் காச்சணும். எல்லாம் நானே பண்ணுவேன்றியே, நீயே காச்சு. பத்தரைக்கு ராகு காலம். அதுக்குள்ள பொங்கினா அங்க இரு. பொங்கலைன்னா அந்த வூடு உனக்கு ஆவாது, வண்டிய திருப்பிக்கினு வந்துடணும்.”

“சரி” என்றேன். பால் பொங்குவதில் என்ன இருக்கிறது? அடுப்பில் வைத்தால் பொங்கும். (முட்டாள்.)

அம்மா, அண்ணன், மாகறலிலிருந்து சித்தி. ஒரு மினி வேனில் பீரோ, குத்துவிளக்கு, அரிசி மூட்டை, சாமி படம். மாப்பிள்ளை மட்டும்தான் குறை. செல்வி அக்கா வாசலில் நின்று வரவேற்றார். எதையும் தூக்க ஓடி வரவில்லை. திமிர் பிடித்தவர் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

சமையல் மேடை என் சக்கர நாற்காலி உயரத்துக்குத் தாழ்வாகக் கட்டியிருந்தது. மேடையில் கேஸ் அடுப்பு இல்லை. கண்ணாடிப் பலகை மாதிரி ஒன்று இருந்தது. கரண்டில் ஓடும் இண்டக்‌ஷன் அடுப்பு. நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை. அம்மாவும் பார்த்ததில்லை. அவள் புளி போட்டுத் துலக்கி, மஞ்சள் குங்குமம் வைத்த பித்தளைப் பாத்திரத்தை நீட்டினாள்.

“யாரும் கிட்ட வரக்கூடாது!” என்று கத்திவிட்டுப் பாத்திரத்தை வைத்தேன். பாலை ஊற்றினேன். கால்வாசி என் மடியில். ஒரு பொத்தானை அமுக்கினேன். அடுப்பு பீப், பீப் என்று கத்தியது.

“இன்னாடி சத்தம்?”

“சூடு ஏறுதும்மா. அப்படித்தான் கத்தும்.”

கத்தல் நின்றது. மறுபடி அமுக்கினேன். மறுபடி கத்தியது. இப்படியே அரை மணி நேரம். அந்த வீட்டுப் பெண்கள் மூவரும் டிவி பார்ப்பது போல வரிசையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சித்தி எட்டிப் பாத்திரத்தைத் தொட்டாள்.

“சில்லுனு கீதுடி.”

“கறந்த பாலு சித்தி. மெதுவாத்தான் காயும்.”

பத்து இருபதுக்கு அம்மா எழுந்தாள். “சாமிக்கே புடிக்கல. கெளம்பு.” அண்ணன் இறக்கிய பீரோவைத் திரும்பவும் வண்டியில் ஏற்ற ஆரம்பித்தான். இப்போது திரும்பினால் இனி செத்தால்தான் அம்மா வீட்டை விட்டு வெளியே வருவேன். யார் மேலாவது பாய வேண்டும் போலிருந்தது. செல்வி அக்கா கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

“தெரிஞ்சா சொல்றதுக்கு இன்னா? நின்னு வேடிக்க பாத்துக்கினு கீறீங்க!”

“நீ கேக்கலியேமா” என்றார் அவர். “கிட்ட வரக்கூடாதுன்னும் சொல்லிட்ட. இங்க கேக்காம யாரும் யார் வேலைலயும் கை வெக்கறதில்ல.”

கேட்காமல் கை வைக்காத ஒரு ஆளுக்காகத்தான் நான் இத்தனை வருடம் வீட்டில் கத்தினேன். அப்படி ஒருவர் எதிரிலேயே நிற்கிறார். அவரையும் பார்த்துக் கத்துகிறேன். உதவி கேட்பது எப்படி என்று எனக்குத் தெரியாது. கேட்பதற்குள் எல்லாம் கிடைத்துவிட்ட உடம்பு இது. அதுவும் அம்மாவை எதிரில் வைத்துக்கொண்டு கேட்க வேண்டும்.

“அக்கா, எனக்குச் சமைக்கத் தெரியாது. படிவத்துல பொய் எழுதிட்டேன். இது ஏன் சூடாவல? சொல்லிக் குடுங்க.”

“பித்தளை இதுல சூடாவாது. கீழ் தட்டுல எவர்சில்வர் பாத்திரம் கீது, அத்த எடுத்து வை. நம்பர் மட்டும் பெருசா வெக்காத.”

பாலை அதில் மாற்றி, பெரிய நம்பராகத்தான் வைத்தேன். (பத்தரைக்கு ஆறு நிமிடம்தான் பாக்கி.) பத்தரை ஆவதற்குள் பால் பொங்கியது. சாதாரணப் பொங்கல் இல்லை. மேடை, சுவர், தரை எங்கும் பால். ஓடி வந்த அண்ணன் வழுக்கி, சாமி படத்தோடு உட்கார்ந்தான். அடுப்பு ஒரு நீளமான பீப் அடித்துவிட்டு அணைந்தது. நல்லவேளை, ஒருவருக்கும் சுடவில்லை.

“கெழக்கால பொங்குச்சா?” என்று அம்மா கேட்டாள்.

“எல்லாப் பக்கமும் பொங்கிட்ச்சிக்கா” என்றாள் சித்தி.

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். பாலுக்காக என்று நினைத்தேன்.

“அவங்கள கேட்டியே. என்னிய ஒரு நாளு கேட்டிருக்கியாடி?”

“நீ எங்கம்மா கேக்க வுட்ட?” என்றேன். கொஞ்சம் மெதுவாகச் சொல்லியிருக்கலாம். எனக்கு மெதுவாக வராது.

மூன்று வருடம் ஆகிறது. நான் அங்கேதான் இருக்கிறேன். உப்புமா செய்வேன், ரசம் வைப்பேன், சோறு மட்டும் குழையும். கல்யாணங்களில் சித்தி சாம்பார் வாளியோடு என் இலை முன்னால் நின்று, “கௌரி, ஊத்தட்டுமா? மொதல்ல மனு குடு” என்பாள். பந்தியே சிரிக்கும்.

அம்மா மாதம் இரண்டு ஞாயிறு வருவாள். வாசலிலேயே ஆரம்பித்துவிடுவாள். “உள்ள வரலாமா மேடம்? கேக்காம வந்தா கோச்சிக்குவீங்க.” நக்கல்தான். ஆனால் கேட்கிறாள். போன வாரம் சீப்பை எடுத்துக்கொண்டு, “தல வாரட்டுமா மேடம்?” என்றாள்.

“வாரு.”

“எண்ண வெச்சா, வெக்காமயா?”

எனக்கு எண்ணெய் பிடிக்காது. எப்போதுமே பிடித்ததில்லை. அதை ஒருவர் என்னிடம் கேட்டது அதுதான் முதல் தடவை.

“வெக்காம” என்றேன்.

திட்டிக்கொண்டே புட்டியை மூடினாள்.