பூச்சியம் ஆம்பியர்

பெருமதிப்பிற்குரிய மைத்துனருக்கு,

தங்கள் அக்காவின் கணவனும், முப்பத்தொரு வருடம் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவனுமாகிய நான் எழுதிக்கொள்வது. தாங்களும் தங்கள் மோட்டார் பட்டறையும் சுகமென நம்புகிறேன். இங்கு நான் சுகம். தங்கள் அக்கா சுகம் என்று, அவள் மூக்குக் குழாயில் ஆக்சிஜன் கொடுக்கிற மூச்சு மெஷின் சொல்கிறது. தாங்கள் கொடுத்த மீட்டர் இல்லை என்கிறது. போனில் சொன்னால் தாங்கள் சிரிப்பீர்கள். சிரிப்பைத் தாங்கும் நிலையில் நான் இல்லை, ஆகவே கூரியர்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது முதல் இரண்டு மணி வரை எங்கள் தெருவில் கரண்ட் கிடையாது என்று நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். அந்த மெஷின் ஐந்து நிமிஷம் நின்றாலே உங்கள் அக்காவுக்கு உதடு நீலம் பாய்கிறது, இதில் ஐந்து மணி நேரம்! இன்வெர்ட்டர் தாங்குமா தாங்காதா, எனக்கு அது தெரிந்தாக வேண்டும். தாங்கள்தான் போன வாரம் வந்தபோது நண்டுக் கொடுக்கு மாதிரி வாயைத் திறக்கிற அந்த மீட்டரைக் கையில் கொடுத்து, "வயரைக் கவ்வ விடுங்க, கரண்ட் எத்தனை ஆம்பியர்னு காட்டும். வோல்டேஜை அதால வகுத்தா ரெசிஸ்டன்ஸ், பெருக்கினா வாட்ஸ். உங்களுக்குத் தெரியாத கணக்கா அத்தான்?" என்றீர்கள். நானும் மெஷினிலிருந்து பிளக்குக்குப் போகிற தடிக் கறுப்பு வயரைக் கவ்வ விட்டேன். 0.00. திருப்பிக் கவ்வ விட்டேன். 0.00. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன், அதே முட்டைதான்.

வோல்டேஜ் 230, அது சுவர் பாயிண்ட்டில் பார்த்தாயிற்று. இனி 230ஐப் பூச்சியத்தால் வகுக்க வேண்டும். பூச்சியத்தால வகுக்கக் கூடாதுன்னு எத்தனை பிள்ளைங்க காதைத் திருகியிருப்பேன் மாப்ள! அந்தப் பாவம்தான் இப்ப வீடு தேடி வந்திருக்கு. சரி, வாட்ஸாவது பார்ப்போம்னு பெருக்கினா 230 பெருக்கல் பூச்சியம், அதுவும் பூச்சியம். அப்போ அந்த மெஷின் கரண்டே எடுக்கலை. கரண்ட் எடுக்காத மெஷின் எப்படிடா காத்து கொடுக்கும்? சும்மா கொர்ருனு சத்தம் போட்டு ஏமாத்துதா? மெஷின்காரரைக் கூப்பிட்டுக் கேட்டா, "நல்லாத்தான் ஓடுது சார்"னு தண்ணி பாட்டில்ல குமிழியைக் காட்டிட்டுப் போயிட்டார். அப்புறம் ஃபிரிட்ஜைப் பார்த்தேன், பூச்சியம். ஃபேன், பூச்சியம். இஸ்திரிப் பெட்டி, அதுவும் பூச்சியம், ஆனா கையைச் சுட்டுது. கூட்டிப் பார்த்தா இந்த வீட்டுல எதுவுமே கரண்ட் எடுக்கலை. அப்படின்னா இன்வெர்ட்டருக்கு என்ன பாரம் இருக்கப் போகுது? கணக்கு தப்பாதுன்னு நம்பினேன் பாரு, என்னைச் சொல்லணும்.

திங்கக்கிழமை பதினொரு மணிக்குக் கரண்ட் போச்சு. மெஷின் இன்வெர்ட்டர்ல ஓடிக்கிட்டிருந்தது. டாக்டரைப் பார்க்கப் போகணும், சட்டை கசங்கிக் கிடந்தது. பூச்சியத்தோட பூச்சியம் கூட்டினா என்ன குறைஞ்சிடும்னு இஸ்திரிப் பெட்டியைச் சொருகினேன். ஒரு கை தேய்க்கலை, இன்வெர்ட்டர் கத்துச்சு. மெஷினும் கத்துச்சு. அப்புறம் ரெண்டும் அடங்கிடுச்சு. குமிழி நின்னுபோச்சு. நான் கட்டிலுக்கடியில இருந்த ஆக்சிஜன் சிலிண்டரை இழுத்தா, அதைத் திறக்கற சாவியைக் காணோம். மருந்து டப்பாவைக் கொட்டினேன், தலையணையைத் தூக்கினேன். சாவி நான் போட்டிருந்த சட்டைப் பையிலேயே இருந்திருக்கு, பதட்டத்துல அதைப் பார்க்கலை. உன் அக்கா மெதுவா எழுந்தா, சுவரைப் பிடிச்சுக்கிட்டே வந்து இஸ்திரிப் பெட்டியைப் பிடுங்கினா, இன்வெர்ட்டர் பொத்தானை அமுக்கினா, மெஷின் ஓட ஆரம்பிச்சதும் திரும்பிப் போய் உட்கார்ந்தா. உதடு நீலம். "வேற சட்டை இருக்கே"ன்னு சொல்றா, அவ்வளவுதான். நான் தரையில உட்கார்ந்து, கொட்டின மருந்தைப் பொறுக்கினேன். அவ இல்லாம இந்த வீட்டுல நான் யாருகிட்ட மாப்ள பேசுவேன்?

ஆகவே முடிவு பண்ணிட்டேன். மீட்டர் பொய், மெஷின் பொய், இன்வெர்ட்டர் மகா பொய். நாளைக்கே மெஷினைத் திருப்பி அனுப்பிட்டு அவளை ஆஸ்பத்திரியில சேர்த்துடறேன். போன தடவை பதினெட்டு நாள் அங்க கிடந்தவ, இனிமே கொண்டுபோகாதீங்கன்னு கையைப் பிடிச்சுக் கேட்டிருக்கா. தெரியும். ஆனா வேற வழி தெரியலை. உன் மீட்டரையும் வந்து எடுத்துக்கிட்டுப் போ.

கோபத்தில் எழுதினாலும், தங்களுக்கும் தங்கள் இல்லாளுக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசிகள் குறைவில்லாமல் உண்டு.

இப்படிக்கு,
பூச்சியத்திடம் தோற்ற தங்கள் அத்தான்

பின்குறிப்பு: தம்பி, இது அக்கா. அத்தான் கூரியர் கவர் வாங்கப் போயிருக்கார். பதினாறு வருஷம் உன் பட்டறையில மோட்டாருக்குக் காயில் சுத்தினவ நான், அது அவருக்கு ஞாபகமே வரலை. வயரை மொத்தமாக் கவ்வினா, போற கரண்டும் வர்ற கரண்டும் ஒண்ணையொண்ணு அழிச்சுப் பூச்சியம்தானே காட்டும்? வயரெல்லாம் தனித்தனியா வெளியே தெரியுற என்னோட பழைய எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல ஒரே ஒரு வயரைக் கவ்வ விட்டுப் பார்த்துட்டேன். மெஷின் ஒன்றரை ஆம்பியர், 345 வாட்ஸ். வகுத்தா 153 ஓம் வருது, ஆனா உள்ளே மோட்டார் இருக்கறதால அது சும்மா ஒரு கணக்குக்குத்தான். இஸ்திரிப் பெட்டி 4.6 ஆம்பியர், 50 ஓம், 1058 வாட்ஸ். இன்வெர்ட்டர் ஆயிரம் வாட்ஸ்தான் தாங்கும், பாவம் அது என்ன செய்யும்? மெஷின் மட்டும்னா அஞ்சு மணி நேரம் தாங்கும், ரெண்டு பேட்டரியும் புதுசு. சிலிண்டரும் நிறைஞ்சிருக்கு, சாவியை இப்ப என் கழுத்துல மாட்டியிருக்கேன். ஆஸ்பத்திரி எல்லாம் வேண்டாம்.

முதல் நாளே சொல்லியிருக்கலாம். மெஷின் வந்ததுலேருந்து அவர் என் மூக்கையே பார்த்துக்கிட்டு, சாப்பிடாம, கண்ணைத் துடைச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தார்டா. மீட்டர் கைக்கு வந்த பிறகுதான் எழுந்து நடமாடினார், சண்டை போட்டார், சோறு கேட்டார். அதான் வாயை மூடிக்கிட்டேன். திங்கக்கிழமை நானும் பயந்துட்டேன், தப்பு என்மேலதான். இப்ப அந்த பாக்ஸை அவர் மேஜையில வெச்சிருக்கேன், ஒரு வயரை மட்டும் இழுத்து விட்டு. மீட்டரை எடுத்துக்கிட்டுப் போயிடாதே. வெள்ளிக்கிழமை நீ வா. எப்படி அளக்கறதுன்னு அவரே உனக்குச் சொல்லிக்கொடுப்பார், முதல் தடவையாக் கேக்கற மாதிரி கேட்டுக்கோ.