எட்டு மணி நேரம் ஓடும் கார்

"இந்த ஆயிலும் சரிப்படலீங்க" என்று ராசாங்கம் காலி டப்பாவை மேசைமேல் வைத்தபோது, தங்கசாமி வாயிலிருந்த வடையை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் விழித்தார்.

பெரம்பலூர் துறையூர் ரோட்டில் இருபது வருஷமாக ஆயில் கடை வைத்திருப்பவர் தங்கசாமி. லாரியோ டிராக்டரோ, வண்டி கடையைத் தாண்டிப் போகிற சத்தத்தை வைத்தே அதற்கு எந்த ஆயில் என்று சொல்லிவிடுவார். அந்தப் பெருமையில் பத்து நாளைக்கு முன்னால் மண் விழுந்தது. குன்னம் பக்கத்திலிருந்து வந்த ராசாங்கம் ஒரு துண்டுச் சீட்டை நீட்டினார். யாரோ மெக்கானிக்கின் கிறுக்கல். "சூப்பர்சார்ஜர் வச்ச வெளிநாட்டுக் கார் இன்ஜின். நல்ல ஆயிலாகக் கொடுக்கவும்."

தங்கசாமி சீட்டையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்தார். முட்டி வரை சேறு, மடித்துக் கட்டிய லுங்கி, வெளியே ஒரு பழைய மொபெட். ஆனால் அவர் சந்தேகப்படவில்லை. சின்ன வெங்காயம் விலை ஏறினால் குன்னம் பக்கத்து ஆட்கள் எதை வேண்டுமானாலும் வாங்குவார்கள், லுங்கியை மட்டும் மாற்ற மாட்டார்கள் என்பது அவருடைய திடமான அபிப்பிராயம்.

சூப்பர்சார்ஜர் என்பது காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் ஊதித் தள்ளும் சமாசாரம், வேகமும் கூடும், சூடும் கூடும் என்று நாலு பேரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். சூட்டுக்குக் கெட்டிதான் நல்லது என்று முதலில் லாரி ஆயிலைக் கொடுத்தார். காலைக் குளிரில் இன்ஜின் எழுந்திருக்கவே இல்லை. சரி என்று இளக்கமான ஆயில் கொடுத்தார். அது மூன்றே நாளில் கருத்துப் புகைந்து போயிற்று. அந்த டப்பாதான் இப்போது மேசைமேல் உட்கார்ந்திருந்தது.

"நீங்க ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் ஓட்டுவீங்க?" என்று கேட்டார் தங்கசாமி.

"காலைல ஆறு மணிக்கு எடுத்தா மத்தியானம் ரெண்டு ஆவும்."

"எட்டு மணி நேரமா!" வடை ஒருவழியாக உள்ளே போயிற்று. "நடுவுல நிறுத்தவே மாட்டீங்களா?"

"எதுக்குங்க நிறுத்தணும்? நான் சாப்பிடப் போனா வூட்டுக்காரி பாத்துக்குவா."

"அம்மாவுமா ஓட்டுறாங்க?"

"நானாவது பரவால்ல. அவ வச்சான்னா முழு வேகத்துலதான் வைப்பா. கேட்டா, வேலை சீக்கிரம் முடியணும்பா."

தங்கசாமிக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவருடைய மனைவி பரிமளா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகவே பயப்படுவாள்.

"அவ்வளவு வேகமா எங்கதான் போவீங்க?"

"எங்கயும் போறதில்லீங்க. நம்ம காட்டோட சரி."

சொந்தக் காட்டுக்குள்ளேயே ரேஸ் ரோடு போட்டிருக்கிறான் மனுஷன்! தங்கசாமி நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

"ஒரு நடை கடைக்குக் கொண்டாங்களேன், பாத்துட்டுச் சொல்றேன்."

"அத இங்க கொண்டாற முடியாதுங்க" என்ற ராசாங்கம் குரலைத் தாழ்த்தினார். "பெட்ரோல் கட்டுபடியாவல. சமையல் கேஸ்லதான் ஓடுது. வெளிய சொல்லிடாதீங்க."

அதற்கு மேல் தோண்டுவது மரியாதையில்லை என்று தங்கசாமி விட்டுவிட்டார். விட்டது தப்பு.

ராசாங்கம் போனதும் தங்கசாமி திருச்சியிலிருந்த ஆயில் கம்பெனி ஆபீசர் அரவிந்தனுக்கு போன் போட்டார். இந்த அரவிந்தனிடம்தான் தங்கசாமியின் பிழைப்பு சிக்கியிருந்தது. கம்பெனி புதிதாக, எந்தச் சூட்டையும் தாங்கும் ஒரு முழு சிந்தெடிக் ஆயில் இறக்கியிருந்தது. அந்த ஆயிலுக்குத் தகுந்த ஒரு நிஜ வாடிக்கையாளரை யார் முதலில் காட்டுகிறாரோ, அவருக்கே பெரம்பலூர், அரியலூர் இரண்டுக்கும் ஏஜென்சி. அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரிகளுக்கு ஆயில் ஊற்றும் கண்ணையன் முந்திக்கொண்டால், தங்கசாமி இனிமேல் டிராக்டர் ஆயிலைக்கூட அந்தக் கண்ணையனிடம் போய்க் கை கட்டி நின்றுதான் வாங்க வேண்டும். அதைவிடக் கடையை மூடிவிட்டு வீட்டில் கிடக்கலாம் என்று அவர் பரிமளாவிடம் சொல்லியிருந்தார். வீட்டில் மட்டும் கிடக்காதீர்கள் என்று அவளும் சொல்லியிருந்தாள்.

"சார், எட்டு மணி நேரம். நிறுத்தாம. புருஷனும் பொண்டாட்டியும் மாத்தி மாத்தி!"

"நிமிஷத்துக்கு எத்தனை சுத்து வைக்கிறாங்களாம்?" என்றார் அரவிந்தன்.

"நாலாயிரம்னு மெக்கானிக் சொன்னாராம்."

"நாலாயிரத்துல எட்டு மணி நேரமா! தங்கசாமி, அது கார் இல்லங்க, பேய். சிந்தெடிக்கத் தவிர எத ஊத்துனாலும் வெந்துரும். இன்னைக்கே பஸ்ல போட்டு விடுறேன்."

டப்பா வந்தது. விலையைப் பார்த்துத் தங்கசாமிக்கு ஒரு நிமிஷம் கண் இருட்டியது. அதே விலையைக் கேட்ட ராசாங்கம், "இதுக்கு மாடே வாங்கலாமேங்க" என்று மொபெட்டைத் திருப்பிவிட்டார். பதறிப்போன தங்கசாமி பின்னாலேயே ஓடி, "காசு வேணாம், எடுத்துட்டுப் போங்க. சரியா இருக்கான்னு மட்டும் வந்து சொல்லுங்க" என்று டப்பாவை வண்டியில் வைத்துக் கட்டினார்.

ஒரு வாரத்தில் ராசாங்கம் முகமெல்லாம் பல்லாக வந்தார்.

"பிரமாதங்க! சூடே ஏறல. இப்ப பத்து மணி நேரம் வைக்கிறோம். சத்தமும் கொறஞ்சு போச்சு, பக்கத்துக் காட்டுக்காரன்கூட என்னா ஆயிலுன்னு கேட்டான்."

"அவருமா கார் வச்சிருக்காரு?" தங்கசாமி மேசைமேல் எக்கி வந்தார்.

"அவனுக்கு இவ்ளோ பெருசு கெடையாது. ஏதோ சின்னதா ஒண்ணு."

தங்கசாமி இதையும் அப்படியே திருச்சிக்குச் சொன்னார். திருச்சி சென்னைக்குச் சொன்னது. சென்னையிலிருந்து மண்டல மேலாளரே போட்டோகிராபரோடு வருவதாகத் தகவல் வந்தபோது தங்கசாமிக்குச் சந்தோஷத்தில் காய்ச்சல் கண்டது. "பத்து மணி நேரம் ஓடும் குன்னத்துப் புயல்" என்று பத்தடி நீளத்துக்கு பேனர் எழுதச் சொன்னார். கண்ணையன் வயிறு எரியட்டும் என்று அவருக்கும் நேரில் போய்த் தாம்பூலம் வைத்து அழைத்தார். ராசாங்கத்திடம் மட்டும் முதல் நாள் சாயங்காலம்தான் சொன்னார்.

"ஐயையோ, கூட்டமெல்லாம் வேணாங்க" என்று அலறினார் ராசாங்கம். "கேஸ் விஷயம் தெரிஞ்சா என்னை உள்ள தூக்கிப் போட்டுருவாங்க. நான் நாளைக்கு ஊர்லயே இருக்க மாட்டேன்."

"நீங்க இல்லாட்டி என்ன, வண்டி இருக்குமில்ல?"

"அது எங்க போவப்போவுது" என்றார் ராசாங்கம்.

மறுநாள் காலை பத்து மணிக்கு இரண்டு ஜீப் நிறைய ஆட்கள் குன்னத்துக்குத் தெற்கே ஒரு மண் ரோட்டில் இறங்கினார்கள். ஒரு பக்கம் சோளம், மறுபக்கம் வெங்காயம். ராசாங்கம் சொன்னபடியே தலைமறைவு. பின்னால் மோட்டார் பைக்கில் கண்ணையனும் வந்து சேர்ந்து, ஓரமாக நின்று சிரித்துக்கொண்டிருந்தார்.

மேலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "எங்க மிஸ்டர் தங்கசாமி, உங்க புயல்? நான் பாத்துட்டு இங்கயே கையெழுத்துப் போடணும். இல்லேன்னா அரியலூர்க்காரர் காத்திருக்காரு."

தங்கசாமி பதில் சொல்ல வாயைத் திறந்தபோது சோளக் காட்டுக்கு அப்பாலிருந்து அந்தச் சத்தம் கேட்டது. சீறலும் உறுமலும் கலந்த, லாரியிலும் டிராக்டரிலும் இல்லாத சத்தம். மேலாளரின் புருவம் உயர்ந்தது. கண்ணையனின் சிரிப்பு நின்றது.

"வருது சார்! அம்மா ஓட்டுறாங்க போல, முழு வேகம்!" என்று தங்கசாமி குதித்தார்.

அரவிந்தன் பேனரைப் பிரித்துப் பிடித்தார். போட்டோகிராபர் ரோட்டு நடுவில் மண்டியிட்டு கேமராவைக் கண்ணில் வைத்தார். எல்லோரும் வளைவையே பார்த்தார்கள்.

சத்தம் வந்துகொண்டே இருந்தது. கார்தான் வரவில்லை.

பத்து நிமிஷம் ஆயிற்று. சத்தம் கிட்டேயும் வரவில்லை, தள்ளியும் போகவில்லை. போட்டோகிராபர் முட்டியை மாற்றி ஊன்றினார்.

"ரொம்பப் பெரிய ரவுண்டு போலிருக்கு" என்றார் மேலாளர்.

"ஆமா சார்" என்ற தங்கசாமியின் முதுகில் வியர்வை கோடாக இறங்கியது.

அப்போது சோளத்தை விலக்கிக்கொண்டு, தோளில் மண்வெட்டியோடு, முழங்கால் வரை நனைந்த புடவையோடு ஒரு பெண் ரோட்டுக்கு ஏறி வந்தாள். பேனரையும் ஜீப்புகளையும், ரோட்டில் மண்டியிட்டிருந்தவரையும் பார்த்துத் திகைத்து நின்றாள். மொபெட்டின் பின்னால் தங்கசாமி ஒருமுறை பார்த்திருந்த, ராசாங்கத்தின் மனைவி கொளஞ்சியம்மாள்.

தங்கசாமி அவளிடம் ஓடினார். "என்னம்மா, நீங்க இங்க நிக்கிறீங்க! அப்ப காரை யாரு ஓட்டுறா?"

"காரா?" என்றாள் கொளஞ்சியம்மாள். "அது ரஞ்சன்குடிகிட்ட புளியமரத்துல மோதி நசுங்கி, அப்பவே பழைய இரும்புக் கடைக்குப் போயிடுச்சேங்க, எங்களுக்குக் கரண்டு கனெக்சன் இன்னும் கெடைக்கல, அதான் இன்ஜின மட்டும் வாங்கியாந்து கெணத்துல வச்சு வெங்காயத்துக்குத் தண்ணி எறைக்கிறோம்."