பதினேழாவது இலக்கமும் டெசிமல் சாரும்

பெங்களூரில் இன்றைக்கு நேராக நிற்கிற கட்டடங்களில் பாதி, டெசிமல் சாருக்குப் பயந்துதான் நிற்கின்றன. மீதிப் பாதியை அவர் இன்னும் பார்க்கவில்லை.

நிஜப் பெயர் என்னவோ சம்பளப் பட்டியலில் இருந்தது. யாரும் படித்ததில்லை. காக்ஸ் டவுனில் ஒரு பேக்கரிக்கு மேலே எங்கள் ஆபீஸ். இந்தத் தூண் இந்தக் கூரையைத் தாங்குமா, தாங்காதா என்று கணக்குப் போட்டுச் சொல்வதுதான் எங்கள் பிழைப்பு. கணக்குப் போடுகிறவர் டெசிமல் சார். நான் கம்ப்யூட்டர் ஆள். கம்ப்யூட்டர் ஆள் என்றால் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். பிரிண்டர் வாயில் சிக்கிய பேப்பரை உருவுவது, வைஃபை போனால் எல்லோரிடமும் திட்டு வாங்குவது, இவை இரண்டும்தான் என் துறை.

ஒருநாள் சைட் பார்க்கப் போன இடத்தில் லிஃப்ட். உள்ளே ‘எட்டுப் பேர், 544 கிலோ’ என்று எழுதியிருந்தது. கதவு மூடுவதற்குள் டெசிமல் சார் ஒவ்வொருவரிடமும் எடை கேட்டுக் கூட்ட ஆரம்பித்தார். எங்களுக்கு வரைபடம் போட்டுத் தருகிற ஸ்டெல்லா, “அம்பத்தஞ்சு சார்” என்றாள். சார் அவளை மேலும் கீழும் ஒருதரம் பார்த்தார்.

“கான்கிரீட்டைப் பத்திப் பொய் சொன்னாக்கூட மன்னிச்சிருவேம்மா. லிஃப்டுல நின்னுக்கிட்டுப் பொய் சொல்லாதே.”

அன்றிலிருந்து ஸ்டெல்லா எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் படிதான். ‘டெசிமல்’ என்று பெயர் வைத்தவளும் அவள்தான். அவள் தங்கை கல்யாணத்துக்கு எத்தனை பேர் வந்திருப்பார்கள் என்று பேச்சு வந்தபோது, “நானூத்திப் பன்னண்டேகால்” என்றார் சார். கால் யாரு சார் என்று கேட்டால், “மேடைக்கிட்ட ஒரு கைக்குழந்தை அழுதுச்சே, கவனிக்கலையா?” என்றார்.

இப்பேர்ப்பட்ட மனிதருக்கு உலகத்தில் ஒரே ஒரு நண்பன். மேஜைக்கடியில் தூசு படிந்து கிடந்த ஒரு லினக்ஸ் கம்ப்யூட்டர் பெட்டியில் ஓடிய ஒரு இன்ஜினியரிங் கால்குலேட்டர் மென்பொருள். யாரோ எங்கோ எழுதி, ‘எடுத்துக்கொள்ளுங்கள், வேண்டுமானால் மாற்றியும் கொள்ளுங்கள்’ என்று உலகத்துக்கே இலவசமாகக் கொடுத்த ஓப்பன் சோர்ஸ் சமாசாரம். அதில் சமக்குறி கிடையாது. முதலில் எண்களை எல்லாம் போட வேண்டும், கூட்டா பெருக்கலா என்பதைக் கடைசியில் சொல்ல வேண்டும். மற்றவர்கள் தொட்டால் நாலும் அஞ்சும் போட்டுவிட்டு சமக்குறியைத் தேடி அழுவார்கள். சாருக்கு அதில் ஒரு குழப்பமும் இல்லை. “நாலையும் அஞ்சையும் கூட்டுன்னுதானேப்பா நாம பேசறோம்? தமிழ் தெரிஞ்ச கால்குலேட்டர்ப்பா இது” என்பார்.

ஒரு திங்கட்கிழமை முதலாளி எல்லோரையும் கூப்பிட்டார். மைசூர்ப் பக்கத்துக்காரர், தமிழ் பேசும்போது கன்னடம் ஓரமாக எட்டிப் பார்க்கும். பெரிய கிளையண்ட் ஒருவர் கேட்கிற மென்பொருள் விண்டோஸில்தான் ஓடுமாம். அதனால் எல்லா மெஷினும் விண்டோஸ். பழைய பெட்டிகளை அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை குஜரிக்காரர், அதாவது பழைய சாமான் கடைக்காரர், வந்து தூக்கிக்கொண்டு போவார்.

“என் கால்குலேட்டர்?” என்றார் டெசிமல் சார்.

“ஸ்பிரெட்ஷீட் இருக்கல்ல சார். சும்னே அதுல போட்டுக்கோங்க.”

சார் எழுந்து போய், ‘27.42 ஆண்டுகள் பணியாற்றிய நான்’ என்று தொடங்குகிற ராஜினாமாக் கடிதத்தோடு திரும்பி வந்தார். முதலாளிக்கு முகம் வெளிறிவிட்டது. எங்கள் கணக்குக்குக் கீழே சார் கையெழுத்து இருந்தால்தான் ஊரில் கட்டடம் கட்டுகிறவன் நம்புவான். அவர் போனால் ஆபீஸில் மிஞ்சுவது பேக்கரி வாசனை மட்டும்.

முதலாளி என் பக்கம் திரும்பினார். “ஏன்ரீ, அந்தக் கால்குலேட்டரை அப்படியே விண்டோஸுக்கு மாத்த முடியாதா?”

“ரெண்டு நாள் வேலை சார்” என்றது என் வாய். நான் இல்லை, என் வாய்.

“சரி. அவர் போனா நீயும் போயிடு” என்றார் முதலாளி அன்போடு.

ஒரு மென்பொருளை ஒரு சிஸ்டத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவது வீடு மாற்றுவது மாதிரி. பழைய வீட்டில் ஜம்மென்று இருந்த கட்டில் புது வீட்டு வாசலில் நுழையாது. ஸ்விட்சு இருக்கும் இடத்தில் ஜன்னல் இருக்கும். நானோ காலேஜை விட்ட பிறகு புரோகிராம் எழுதியதே இல்லை. அப்போது எனக்கு வயது நாற்பத்தாறு. கால்குலேட்டரை விண்டோஸில் முதல்தடவை ஓட்டிப் பார்த்தேன். பிழைகளின் எண்ணிக்கை மட்டும் நாலு இலக்கம். மதியத்துக்குள் ஜெலுசில் பாட்டில் பாதி காலி. பக்கத்துச் சர்ச்சில் மெழுகுவத்தி, எதிர்த்தெருப் பிள்ளையாருக்குத் தேங்காய். எந்தப் பக்கமிருந்து உதவி வந்தாலும் பில் கட்டத் தயார்.

மனசு கேட்காமல், அந்தக் கால்குலேட்டரை எழுதிய முகம் தெரியாத மனிதருக்கே இரண்டு பக்கத்துக்கு ஒப்பாரி வைத்து மெயில் போட்டேன். மறுநாள் ஒரு வரி பதில் வந்தது: ‘மகிழ்ச்சி. நீங்கள் சரிசெய்து அனுப்பினால் சேர்த்துக்கொள்கிறேன்.’ ஓப்பன் சோர்ஸ் உலகத்தின் வழக்கமே இதுதானாம். கல்யாணப் பந்தியில் சாம்பார் வரவில்லை என்று சொன்னவன் கையிலேயே வாளியைக் கொடுத்துவிடுவது.

வாளியைத் தூக்கினேன். எட்டு நாளில் பிழைகள் மூன்று இலக்கமாகி, இரண்டு இலக்கமாகி, புதன்கிழமை சாயந்திரம் அது விண்டோஸில் எழுந்து உட்கார்ந்தது. இரண்டும் மூன்றும் கூட்டினால் ஐந்து வந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. ஸ்டெல்லா எட்டிப் பார்த்துவிட்டு, “இதுக்கா இத்தனை நாளு? எங்க வீட்டு நாய்க்கே தெரியும்” என்றாள்.

வியாழக்கிழமை காலை சார் ஒரு நீள நோட்டோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். நாற்பத்தோரு கணக்குகள். பழைய பெட்டி தந்த விடைகளைப் பல ஞாயிற்றுக்கிழமைகள் உட்கார்ந்து கையாலும் போட்டுச் சரிபார்த்து வைத்தவை. ஒவ்வொன்றாகத் தட்டச் சொன்னார். டிக். டிக். நாற்பது டிக். நாற்பத்தொன்றாவதில் பேனா நின்றது.

“பதினேழாவது இலக்கம் வேற.”

“சார், இது தலைமுடியை ஆயிரம் கோடியாப் பொளந்து அதுல ஒரு பங்கு சார்!”

“கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கற ரெண்டு எண்ணைக் கழிச்சுப் பாருப்பா. முன்னாடி இருக்கறதெல்லாம் அடிபட்டுப் போயிடும். இந்தக் கடைசிப் பயதான் முன்னாடி வந்து நிப்பான். அப்ப அவன் பொய் சொன்னா, கூரைக்குக் கீழ நிக்கறவன் கதி?” கடிதத்தைச் சட்டைப் பையிலிருந்து பாதி வெளியே எடுத்தார். “நாளைக்குக் காலையில பாப்போம்.”

அன்று பகல் முழுக்க அந்தப் பதினேழாவது இலக்கத்தைத் துரத்தினேன். அகப்படவில்லை. வீட்டு லோன், மகளின் காலேஜ், நேர்காணலில் இருபத்தைந்து வயசுப் பையன் என்னிடம் ‘உங்க பலம் என்ன அங்கிள்?’ என்று கேட்பது எல்லாம் கண்முன்னே ஓடியது. நாலரை மணிக்கு நான் ஒரு வரி எழுதினேன். இந்த எண்கள் வந்தால் கணக்கே போடாதே, இந்த விடையைக் காட்டு. அவ்வளவுதான். பரீட்சை ஹாலில்கூட நான் பிட் அடித்ததில்லை. கால்குலேட்டரை அடிக்க வைத்தேன்.

வெள்ளிக்கிழமை நாற்பத்தோராவது டிக் விழுந்தது. முதலாளி மைசூர்பாகு வரவழைத்தார். குஜரிக்காரர் பழைய பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். நான் மூன்று துண்டு தின்றேன்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு டெசிமல் சார் என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார்.

“ஏன்பா, சும்மா அந்தக் கடைசிக் கணக்குல வர்ற பீமோட நீளத்தை ஒரு மில்லிமீட்டர் நீட்டிப் பாத்தேன். அப்புறம் ரெண்டு, மூணு. விடையெல்லாம் ஒரு வரிசையில போகுது. நோட்டுல இருக்கற கணக்கு மட்டும் தனியாத் துருத்திக்கிட்டு நிக்குது. ஏன்?”

இந்தத் தடவை வாய் என் பக்கம் இருந்தது, உண்மையைச் சொல்லிவிட்டது. “நான்தான் சார் விடையை எழுதி வெச்சேன். பயந்துட்டேன்.”

“எதுக்குப் பயம்?”

“வேலை போயிடும்னு.”

“என் வேலையா, உன் வேலையா?”

“ரெண்டும்தான் சார். முதல்ல என்னுது.”

அந்த நேரம் பார்த்து முதலாளி உள்ளே நுழைந்தார். “என்ன சார், எல்லாம் ஆயித்தா?”

போச்சு என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

“ஆகலை” என்றார் டெசிமல் சார். “இன்னும் கொஞ்சம் நல்லாப் பண்ணச் சொல்லி நான்தான் வேலை குடுத்திருக்கேன். மூணு வாரம் ஆகும். அதுவரைக்கும் லெட்டர் என் பையிலயே இருக்கும்.” முதலாளி போன பிறகு என்னைப் பார்த்தார். “எந்திரி. பெட்டி எங்க போச்சு?”

அவருடைய ஸ்கூட்டரில் ஜீவனஹள்ளிக்குப் போனோம். குஜரிக் கடையில் எங்கள் பெட்டி தராசின் மேலேயே உட்கார்ந்திருந்தது.

“என்னா சாப், நேத்து குடுத்துட்டு இன்னிக்குத் திருப்பிக் கேக்கறீங்களே?” என்றார் கடைக்கார பாய்.

சார் பெட்டியைப் பார்க்கவில்லை, தராசைப் பார்த்தார். “பாய், உங்க தராசு நானூறு கிராம் தள்ளி நிக்குது.”

“அத்த சொல்றதுக்கா ஸ்கூட்டர் போட்டுக்கினு வந்தீங்க?”

அரைமணி நேரம் உட்கார்ந்து அந்தத் தராசைச் சரிசெய்துவிட்டுத்தான் எழுந்தார். பாய் பெட்டியை ஒரே மூச்சில் ஸ்கூட்டரில் ஏற்றினார், இன்னும் எதையாவது சரிசெய்துவிடப் போகிறாரே என்ற பயத்தில்.

பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஓட்டினோம். நான் கணக்கை ஒவ்வொரு கட்டமாக நிறுத்துவேன். சார் பேப்பரில் போட்டுப் பார்த்து, “இங்க சரி. இங்க சரி. இங்கதான்ப்பா சிந்துது” என்பார். கடைசியில் விஷயம் இதுதான். பழைய லினக்ஸ் வீட்டில், அரிசியை அளக்கிற மாதிரி எண்களை அளந்து வைத்த பெரிய படிக்கு, நான் குடிவந்த விண்டோஸ் வீட்டிலும் அதே பெயர்தான். ஆனால் கொஞ்சம் குறைவாகப் பிடிக்கிற படி. மீதி வழிந்து தரையில் போயிருக்கிறது. பெரிய படியாக ஒன்றைத் தேடிப் பிடித்துப் பொருத்தச் சரியாக மூன்று வாரம் ஆனது. சார் கணக்கில் அதிலும் தப்பில்லை.

நாற்பத்தொன்றும் சரி. என்மேல் நம்பிக்கை இல்லாமல் சார் புதிதாகப் போட்டு வந்த இன்னொரு நாற்பத்தொன்றும் சரி. கடிதத்தை நாலாக மடித்து, ஆடிக்கொண்டிருந்த என் மேஜைக் காலுக்கடியில் சொருகினார். நான் பிட் அடித்த கதை இன்றுவரை முதலாளிக்குத் தெரியாது. இந்தப் பத்திரிகையை அவர் வாங்குவதில்லை என்ற தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

அதற்கப்புறம் மூன்று வருஷம் இருந்துவிட்டு, முழங்கால் படியேற மறுத்தபோது சார் ஓய்வு பெற்றார். லிங்கராஜபுரத்தில் வீட்டில் இருக்கிறார். அந்தக் கால்குலேட்டரின் விண்டோஸ் பக்கத்தை இன்னமும் நான்தான் பார்த்துக்கொள்கிறேன். புதிதாக ஒன்று வெளியிடுவதற்கு முன்னால் சாருக்குத்தான் முதலில் அனுப்புவேன். இரண்டு நாளில் தப்புகளுக்கு எண் போட்டு வரிசையாகத் திட்டி மெயில் வரும்.

போன வருஷம் ஒருதரம் வரவில்லை. ஒரு வாரம் ஆனது. பத்து நாள் ஆனது. போன் போட்டால் எடுக்கவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு ஓடி, அவர் வீட்டுக் கதவைத் தட்டு தட்டென்று தட்டினேன். அவரேதான் வந்து திறந்தார்.

“என்னப்பா, போனு ரிப்பேரு. உன் மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?”

“மெயிலே வரலையே சார்.”

“தப்பு ஒண்ணும் இல்லையேப்பா. அப்புறம் எதுக்கு எழுதணும்?”

அன்றிலிருந்து, அவருக்கென்று அனுப்புகிற பிரதியில் மட்டும் ஏதாவது ஓர் ஓரத்தில் ஒரு சின்னத் தப்பை நானே வைத்து அனுப்புகிறேன்.