தவறாத நீராவிக் கணிப்பு

மனிதகுலம் செய்த முன்கணிப்புகளில் ஒருமுறைகூடப் பிசகாதது எங்கள் நீராவிக் கணிப்பு ஒன்றுதான். நம்பாதவர்கள் மலையேறி வந்து பார்க்கலாம். கதவைத் தட்டிவிட்டு வரவும், கூட்டத்தில் இருப்போம்.

நட்சத்திரங்களின் அகச்சிவப்பு ஒளியைக் காற்றிலுள்ள நீராவி குடித்துவிடும். ஆகவே, இரவில் காற்று காய்ந்திருக்குமா என்று பகலிலேயே கணித்து, தொலைநோக்கியின் கூரையைத் திறக்கச் சொல்வது எங்கள் துறையின் ‘புனிதப் பணி’. தினமும் ‘ஈரம்’ என்றே கணிப்போம். கூரை திறக்காது. திறந்தால்தானே தவறு தெரியும்! காற்றை அளக்கும் கருவியும் தேய்ந்துவிடாமல் பெட்டியிலேயே பத்திரமாக இருக்கிறது. கூரை திறக்கும் விசைக்குத் துறைத் தலைவரின் மைத்துனர் பொறுப்பு. அதன்மேல் அவர் கைக்குட்டை காயப்போடுவார். நிமிஷத்தில் மொறமொறவென்று காய்ந்துவிடும்.

சென்ற மாதம் ஒரு பெண் ஆய்வாளர் வந்தார். தூசிக்குப் பின்னால் ஒரு நட்சத்திரம் வெடித்திருக்கிறதாம். அகச்சிவப்பில்தான் தெரியுமாம், ஒரு வாரத்தில் மங்கிவிடுமாம். இப்படி ஒன்றுக்காகப் பல வருஷம் காத்திருந்தவர் அவர். பாவமாகத்தான் இருந்தது. ஆனால் விதி விதிதான்.

கூட்ட அறையில் புஸ்ஸென்று ஆவி விட்டுக்கொண்டிருந்த எந்திரத்தை அவர் காட்டினார்.

“இது எதுக்கு சார்?”

“காத்து ரொம்பக் காய்ஞ்சு கிடக்கும்மா. தொண்டை வறண்டுடுது,” என்றார் தலைவர். உதடு வெடித்திருந்ததால் களிம்பு தடவிக்கொண்டே பேசினார்.

“அப்ப கூரையைத் திறக்கலாமே!”

“அதெப்படி? கணிப்புல ஈரம்னு இருக்கே.”

“ஒரே ஒரு ராத்திரி சார்.”

“திறந்து ஒண்ணும் தெரியலைன்னா, யார் பொறுப்பு?”

“திறக்காமலே நட்சத்திரம் போயிட்டா?”

“அதுக்கு யாரும் பொறுப்பில்ல. வானத்துல ஆயிரம் வரும், போகும்.”

மைத்துனர் கைதட்டினார். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

வாரம் முழுக்க ஆய்வாளர் தினமும் வந்து கெஞ்சினார். நாங்களும் தினமும் ‘ஈரம்’ என்று கையெழுத்திட்டோம். கடைசி நாள் வேறெங்கிருந்தோ செய்தி வந்தது: நட்சத்திரம் மங்கிவிட்டது. ஆய்வாளர் எங்கள் எதிரிலேயே நாற்காலியில் உட்கார்ந்து அழுதார்.

தலைவர் துள்ளி எழுந்தார். என் விலாவில் இடித்து, ஆய்வாளரின் கன்னத்தைக் காட்டினார்.

“குறிச்சுக்கய்யா! ஈரம்னு சொன்னோம்ல?”

குறித்துக்கொண்டேன். அந்த மலையில் நாங்கள் சொன்ன ஈரம் மெய்யாகவே தென்பட்டது அன்றைக்கு மட்டும்தான்.