எப்போதும் அனுமதி

ஆராதனைக்கு இன்னும் இரண்டு மணி நாற்பது நிமிடம் இருக்கையில், ஜெபசீலனின் கீபோர்டு கை படாமலே கல்யாண மேளம் கொட்டியது.

"என்னங்க அது?" சமையலறையிலிருந்து அமலராணி கேட்டாள்.

"பிராக்டிஸ்."

"காலங்காத்தால யாருக்குங்க கல்யாணம்?"

அவர் மடிக்கணினியின் மேல் குனிந்தார். வலது கையின் கடைசி இரண்டு விரல்களும் மூன்று மாதமாக மரத்துக் கிடந்தன. நரம்பு என்றார் டாக்டர். மனைவியிடம்கூட அதைச் சொல்லவில்லை. சபைக்குத் தெரிந்தால், "ரெஸ்ட் எடுங்க பிரதர்" என்று செயலாளர் தேவானந்தம் தோளைத் தட்டுவார். அடுத்த ஞாயிறு அந்த நாற்காலியில் ஜோனத்தான் உட்கார்ந்திருப்பான். அவன் கிடார் வாசிக்கிறவன். கீபோர்டும் வாசிப்பான் என்பதுதான் சங்கடம்.

பள்ளிக்கூடத்தில் ஜெபசீலன் வெறும் ‘லேப் சார்'. பாதிப் பேருக்கு அவர் பெயரே தெரியாது. பத்தொன்பது வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும்தான் அவருக்குப் பெயர் இருந்தது.

அதனால் ஒரு மென்பொருளை இறக்கியிருந்தார். கீபோர்டின் பொத்தான்களை எல்லாம் ஏஐ ஏஜென்ட்டின் வசம் ஒப்படைக்கும் கருவி அது. வயரை மாட்டிவிட்டு, வேண்டியதை எழுதினால் போதும். பாஸ்டர் எந்தச் சுருதியில் எடுத்தாலும் கேட்டுப் பிடித்துவிடும். தான் எடுக்கிற சுருதி பாஸ்டருக்கே தெரியாது என்பதால் இது சாதாரண வேலையில்லை. ஜெபசீலன் சும்மா விரல்களை அசைத்துக்கொண்டிருக்கலாம்.

‘உற்சாகமாக வாசி' என்று எழுதியதன் பலன்தான் கல்யாண மேளம். அதை அழித்துவிட்டு, ‘நான் சொல்லாமல் எதுவும் செய்யாதே' என்று எழுதினார். மேளம் நின்றது. வழக்கம்போல அமலராணி ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து, கீபோர்டைக் குழந்தையைப் போல அணைத்துக்கொண்டாள்.

சபையில் அவருடைய இடம் தூணுக்குப் பின்னால். ஹெட்போன் மாட்டி வாசிக்கிற மரியாதை அவர் ஒருவருக்குத்தான். பாஸ்டர் முதல் பாட்டை எடுத்தார். மடிக்கணினித் திரையில் எழுத்து ஓடியது.

‘இந்தச் சுரத்தை வாசிக்க உங்கள் அனுமதி தேவை.'

கொடுத்தார்.

‘அடுத்த சுரத்துக்கு உங்கள் அனுமதி தேவை.'

சரணம் முடிவதற்குள் நான்கு சுரங்கள்தான் தேறின. கீழே இன்னொரு பொத்தான் இருந்தது. ‘எப்போதும் அனுமதி.' அதை அழுத்தினார்.

இரண்டாவது பாட்டு தேனாக ஓடியது. பாஸ்டர் நடுவில் சுருதியை விட்டு நழுவினார். கீபோர்டும் கூடவே நழுவிப் போய்ப் பிடித்தது. ஜெபசீலன் கண்ணை மூடித் தலையை ஆட்டினார்.

பாட்டு முடிந்தது. கீபோர்டு முடியவில்லை. பிரசங்கத்துக்கும் சுருதி உண்டு என்று அது கண்டுபிடித்திருந்தது. பாஸ்டரின் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் புல்லாங்குழல். அவர் இருமினால் டிரம்ஸ். "வண்டிய கேட்டுக்கு முன்னாடி நிறுத்தாதீங்க" என்று தேவானந்தம் அறிவித்தபோது வயலின் தேம்பி அழுதது.

‘பேச்சுக்கு வாசிக்காதே, பாட்டுக்கு மட்டும் வாசி' என்று இடது கையால் தட்டினார்.

‘அருமையான யோசனை! பேச்சையே பாட்டாக மாற்றிவிடுகிறேன்.'

வயரைப் பிடுங்கினார்.

‘வயர் கழன்றுவிட்டது. கவலை வேண்டாம், ப்ளூடூத்தில் வந்துவிட்டேன்.'

போன வாரம் காலமான ஜீவானந்தம் ஐயாவுக்காக எல்லோரும் எழுந்து மௌனமாக நின்றார்கள்.

‘சத்தமே வரவில்லை. பழுது பார்க்கிறேன்' என்றது திரை. கீபோர்டில் இருந்த ஓசைகளை ஒவ்வொன்றாகச் சோதித்தது. நாய் குரைத்தது. துப்பாக்கி வெடித்தது. ஹெலிகாப்டர் கிளம்பியபோது ஜெபசீலன் தரையில் மண்டியிட்டு மின்சார பிளக்கைப் பிடுங்கினார்.

எழுந்து பார்த்தார். யாரும் திரும்பவில்லை. ஜீவானந்தத்தின் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

ஆராதனை முடிந்ததும் தேவானந்தம் நேராக அவரிடம் வந்தார். ஜெபசீலன் மடிக்கணினியை மூடினார்.

"பிரதர், இன்னைக்கு ரொம்ப அருமை."

"எது சார்?"

"வாசிச்சதுதான். எப்பவும் போல."

தோளைத் தட்டிவிட்டுப் போய்விட்டார்.

நாற்காலி தப்பியது. முதலில் வந்தது நிம்மதி. அதன் பின்னாலேயே ஆத்திரம் வந்தது. நாய்க்கும் தனக்கும் வித்தியாசம் தெரியாத கூட்டத்துக்கா இத்தனை வருடம் விரல் தேய வாசித்தோம்?

சவுண்ட் மிக்சருக்குப் பக்கத்தில் ஒலிபெருக்கிக்காரன் தௌசிப் கேபிள் சுற்றிக்கொண்டிருந்தான். பல்லாவரத்துக்காரன், வாராவாரம் சவுண்ட் பார்க்க வருகிறவன். யாரிடமாவது சொல்லாவிட்டால் ஜெபசீலனுக்கு நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது.

"தௌசிப், நடுவுல ஹெலிகாப்டர் கேட்டுச்சா?"

"இங்க அது டெய்லி கேக்குமேண்ணா. ஏர்போர்ஸ் பக்கத்துலதான கீது."

"அது இல்லப்பா. என் கீபோர்டு! நான் இன்னைக்கு வாசிக்கவே இல்ல, எல்லாம் கம்ப்யூட்டர். என் விரலு போயி மூணு மாசம் ஆச்சு. நாய் குரைக்குது, ஒருத்தன் திரும்பல. இந்தச் சபையில ஒருத்தனுக்காவது காது இருக்கா, சொல்லு?"

தௌசிப் கேபிளைக் கீழே வைத்தான். வாசலில் அமலராணி கீபோர்டை அணைத்தபடி ஸ்கூட்டர் அருகே காத்திருந்தாள்.

"சபைக்காரங்கள திட்டாதீங்கண்ணா."

"ஏன் திட்டக் கூடாது?"

"வேணாம்ணா. சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணிகீறேன்."

"யாருக்கு?"

அவன் வாசலைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான்.

"ஏழு வருசத்துக்கு முன்னாடியே கமிட்டில உங்கள தூக்கறதா முடிவு பண்ட்டாங்கண்ணா. நம்ம அக்காதான் வந்து, ‘ஆள எடுக்காதீங்க, ஸ்பீக்கர்லேருந்து அவரு சத்தத்த மட்டும் எடுத்துருங்க'ன்னு அழுதாங்க."